காலாட்டிப் பிழைத்த ஊர்

“காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்” என்று தொண்டை மண்டலத்தில் நெடுங்காலமாக ஒரு பழமொழி வழங்கி வருகிறது. கோயில் பிரசாதமும் சத்திரத்துச் சோறும் தாராளமாகக் கிடைக்கிற ஊராதலால், திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாலே வயிறு நிறைந்துவிடும் போலும் என்று வெளியூர்க்காரர் சிலர் இதற்கு அர்த்தம் செய்துகொண்டு, எங்கள் ஊராரைச் சோம்பேறிகள் என்று பரிகாசம் செய்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பார்த்தவர்கள் அல்லர். தரையில் வெட்டிய குழியின் விளிம்பில் அமர்ந்து, இரு கால்களையும் குழிக்குள் இறக்கி, அடியில் கிடக்கும் மிதிகளை ஒன்று மாற்றி ஒன்றாக அழுத்த, அந்த அழுத்தத்தில் விழுதுகள் ஏறியிறங்கிப் பாவு இழைகளைப் பிளந்து வழிவிட, அந்த வழியே நாடா ஓடி ஊடையை இட்டுச் செல்ல, எதிர்ப்புறத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கரைக்கு வேறு நாடா வாங்கிக் கோர்வை போட, பொழுது சாய்வதற்குள் புடவை சிறிதளவே வளரும் தொழில் அது. கை வேலை என்று உலகம் சொன்னாலும், நெசவு பாதிக்குமேல் கால் வேலையே. கால் ஆடினால்தான் பிழைப்பு. கால் நின்றால் அடுப்பும் நின்றது.

அந்தக் காலுக்கு வந்த ஒரு நோயைப் பற்றியும், அந்நோயை ஆராய்ந்தவர்கள் யார், எப்போது, எதற்காக ஆராய்ந்தார்கள் என்பதைப் பற்றியுமே இங்கே சொல்லப் போகிறேன்.

என் பால்யத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைத் தெருவில் பார்ப்பது அபூர்வம். கருட சேவைக்குக்கூட ஊரெல்லாம் திரண்டு வரதரைச் சேவிக்கப் போயிருக்கையில் அவர் வாசற்படி தாண்டமாட்டார். ஆனால் அவருடைய தறியின் ஓசையை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மற்றத் தறிகள் இரண்டு மிதிக்கும் ஒரே அளவாக ‘டக், டக்’ என்று நடக்க, அவருடைய தறி மட்டும் ஒரு மிதிக்கு விரைவாகவும் மறு மிதிக்குச் சற்றே தாமதித்தும், நொண்டிக் குதிரை நடப்பதைப்போல நடக்கும். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஒரே பருமனாகத் தடித்து, தோல் கறுத்து வெடித்து, விரல்கள் அந்தத் தடிப்புக்குள் புதைந்து, நகங்கள் மட்டும் வெளியே தெரிய இருந்ததை நான் ஒரே ஒரு தரம், அவர் குழியிலிருந்து எழுந்திருக்கும்போது, பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். தறிக்குழி அவருக்குத் தொழிலிடம் மட்டுமல்ல, காலை ஒளித்துவைக்கும் இடமும் ஆகும் என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின. வியாபாரி வந்தால் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும். பெண் கேட்டு வருகிறவர்கள் வந்தாலும் அப்படியே.

அந்நோயின் பெயர் யானைக்கால். யானையைப் பற்றிக் காஞ்சியின் சரித்திரத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நகருக்கு அண்மையில் உள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரில் மகேந்திர பல்லவனுடைய படை, சளுக்கியர் என்று கருதப்படும் பகைவரோடு பொருததாகச் செப்பேடு கூறும். அதே புள்ளலூரில் ஏறக்குறைய ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1780-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சூழ்ந்து நாசம் செய்தார்கள். சில மைல் தொலைவில், காஞ்சிபுரத்தில், தளபதி மன்றோ பெரும்படையோடு இருந்தும் உதவிக்குச் செல்ல வகையறியாமல் நின்று, செய்தி வந்ததும் தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு மார்க்கமாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் சித்திரமாகவே தீட்டச் செய்தான். யானைகளும் குதிரைகளும் வெடித்துச் சிதறும் மருந்து வண்டியும் இன்றும் அங்கே காணலாம். சித்திரத்தில் ஏறாதது அதற்குப் பின் வந்த பஞ்சம். கிராமங்கள் எரிந்தும் ஏரிகள் உடைந்தும் போக, சென்னையை நோக்கி ஓடிவந்த பசித்த ஜனங்களுக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம்; இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்து அதுதான். எரித்த கை ஒன்று, கஞ்சி வார்த்த கை ஒன்று என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி யுத்தமும் வைத்தியமும் இந்நாட்டில் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இது ஓர் உதாரணம். பட்டாளத்தோடு வந்த வைத்தியர்கள் பட்டாளத்தைக் கொன்ற நோய்களையே ஆராய்ந்தார்கள். வயிற்றுப்போக்கு, குளிர்சுரம், வாந்திபேதி ஆகியவை அந்த வரிசையில் வந்தன. யானைக்கால் வரவில்லை, ஏனெனில் அது சிப்பாயைக் கொல்லவில்லை, நெசவாளியையும் கொல்லவில்லை, நடக்கவொட்டாமல் மட்டுமே செய்தது.

கவனிக்கப்படவில்லை என்று சொன்னேனே தவிர, காணப்படவில்லை என்று சொல்லவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒற்றைக்கால் யானைக்காலைப்போல் பருத்த மனிதர்கள் பலர் உண்டென்றும், புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததியாருக்கு அது சாபமாக வந்ததென்று சொல்லப்படுகிறதென்றும் எழுதிவைத்தார். ஐரோப்பியர் நெடுநாள் அதைத் ‘தோமையார் கால்’ என்றே அழைத்தனர்; மலையாளக் கரையில் பார்த்தவர்கள் ‘கொச்சிக்கால்’ என்றனர். நம்மவர்களோ தண்ணீரின் கோளாறு என்றும், வினைப்பயன் என்றும், சிலேத்துமம் இறங்கிய தோஷம் என்றும் பலவாறு சொல்லிக்கொண்டார்கள். அவரவர் குற்றத்தை அவரவர் காலில் கட்டிவிடுவதில் கிழக்குக்கும் மேற்குக்கும் அதிக பேதம் இருந்ததாகத் தெரியவில்லை.

நோயின் காரணம் வெளிப்பட்ட கதை விசித்திரமானது. அதுவும் ஒரு யுத்தத்தின் நிழலில் நடந்தது. அபினி யுத்தத்தில் தோற்ற சீனம் 1842-இல் செய்துகொண்ட நான்கிங் உடன்படிக்கையின்படி வெள்ளையருக்குத் திறந்துவிட்ட துறைமுகங்களில் அமாய் என்பது ஒன்று. அங்கே சுங்க இலாகாவின் வைத்தியராக உத்தியோகம் பார்த்த பாட்ரிக் மான்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவில் திமதி லூயிஸ் என்பவர் 1872-இல் மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்களைக் கண்டதாக வெளியிட்டிருந்ததை வாசித்தறிந்து, அப்புழு ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்கு எப்படிச் செல்கிறது என்று ஆராயத் தலைப்பட்டார். ரத்தத்தில் அப்புழு இருந்த தம் தோட்டக்காரர் ஹின் லோ என்பவரை, 1877-இல், கொசு புகும்படி அமைத்த ஓர் அறையில் படுக்கவைத்து, பக்கத்தில் விளக்கேற்றிக் கதவைத் திறந்துவைத்து, கொசுக்கள் நுழைந்தபின் கதவைச் சாத்திவிட்டு, காலையில் ரத்தம் குடித்து வயிறு பருத்துச் சுவரில் ஒட்டியிருந்த கொசுக்களைப் புகையிலைப் புகையால் மயக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தின் கீழ்ப் பிடித்து, அவற்றை நாள்தோறும் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றில் புழு சாகவில்லை, வளர்ந்தது. மனிதனுடைய நோயொன்று பூச்சியின் உடம்பில் பருவம் கடந்து முதிர்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். பின்னர் ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்குக் கொசுவைத் தேடிப் புறப்பட்டதற்கும் மான்சன் காட்டிய இந்த வழியே தூண்டுகோல். மான்சனுக்குப் பின்னாளில் பட்டமும் பதவியும் வந்தன. ஹின் லோவுக்கு என்ன வந்தது என்று எவரும் எழுதவில்லை.

மான்சன் கண்ட இன்னொரு விசேஷம், அந்தப் புழுக்குஞ்சுகள் பகலில் ரத்தத்தில் தென்படாமல் மறைந்திருந்து, நள்ளிரவை ஒட்டியே தோலுக்கடியிலுள்ள நாளங்களில் கூட்டமாக உலவுகின்றன என்பது. லண்டனில் இதைக் கேட்ட பண்டிதர் ஒருவர், புழுக்கள் கடிகாரம் வைத்திருக்கின்றனவா என்று கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. கடிகாரம் புழுவிடம் இல்லையென்றாலும் கொசுவிடம் இருக்கிறது. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் என்னும் கொசு ஊர் அடங்கி நெடுநேரம் ஆனபிறகுதான் பெரும்பாலும் கடிக்கிறது. ஆனால் மான்சன் ஓரிடத்தில் தவறினார். கொசு நீரில் விழுந்து சாக, அந்த நீரைக் குடிப்பவனுக்குப் புழு தொற்றுகிறது என்று அவர் எண்ணினார். நம் நாட்டில் தண்ணீரைக் குறை சொன்னவர்களுக்கு அது சில காலம் சாதகமாகவும் இருந்தது. 1900-ஆம் வருஷத்தில் லண்டனில் லோ என்பவரும், இங்கே திருவிதாங்கூரில் காப்டன் ஜேம்ஸ் என்னும் ராணுவ வைத்தியரும், ஒருவர் வேலை மற்றவர்க்குத் தெரியாமல், கொசுவின் வாயுறுப்பு வரை புழு வந்து நிற்பதைக் கண்டபிறகுதான் கடியே வழி என்று தீர்ந்தது. 1930-களில் எம். ஓ. டி. ஐயங்கார் சேர்த்தலைப் பக்கத்து நீர்நிலைகளில் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, அங்கே பரவியிருந்தது வேறு ஜாதிப் புழு என்றும், அதைச் சுமக்கும் கொசு குளத்து ஆகாயத்தாமரையின் வேரை ஒட்டி வளர்வது என்றும் நிரூபித்தார். காஞ்சியின் புழு அதுவல்ல. இது பட்டணத்துச் சாக்கடைப் புழு. எங்கள் கோயில் குளங்களின்மேல் சுமத்தப்பட்ட பழியை இந்த ஒரு பேதம் பெருமளவு நீக்குகிறது. குளத்தைவிட வீட்டுக் கொல்லைப்புறத்தில் தேங்கிய கழிநீரையே அந்தக் கொசு விரும்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் உபயோகப்பட்டபின் எங்கே போவது என்பதற்குச் சாக்கடை ஏற்படப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நாகரிகம் பாதியளவு வந்தால் அதன் பலன் கொசுவுக்குத்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஃபைலேரியா என்று வைத்தியர் இப்புழுவுக்கு இட்ட பெயர், லத்தீன் மொழியில் நூலிழை எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. முதிர்ந்த புழு வெண்மையாய், மயிரிழைபோல் மெல்லியதாய், ஆண் ஒன்றரை அங்குலமும் பெண் மூன்று நான்கு அங்குலமும் நீண்டு, நிணநீர் நாளங்களுக்குள் ஒன்றோடொன்று சிக்கலிட்டு ஆண்டுக்கணக்கில் உயிர் வாழும். முறுக்கேற்றாத பட்டிழையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வர்ணனை என்னமோபோல் இருக்கும். ஒரு புழு கூடு கட்ட, அதன் இழையைக் கொண்டு பிழைத்த ஊர், இழைபோன்ற வேறொரு புழுவால் வதைபட்டது.

1877-இல் காரணமும் 1900-இல் வழியும் தெரிந்தாயிற்று. அதற்கப்புறம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மருந்து விஷயத்தில் எதுவும் நடைபெறவில்லை என்றே சொல்லலாம். காஞ்சிரம்போலக் கசக்கும் கஷாயங்களும், ஆங்கில வைத்தியசாலையில் ஊசியாகப் போட்ட உலோக மருந்துகளும் இருந்தன, பலன் இல்லை. ராஜ்யம் நடத்துகிறவர்களைக் குறை கூறுவது எளிது. ஆயினும் அவர்கள் கணக்கு இரகசியமான கணக்கல்ல. பிளேக் கப்பலை நிறுத்தியது, காலரா திருவிழாவிலிருந்து பாளையத்துக்குத் தாவியது, மலேரியா ரெயில் பாதை போடும் கூலியாளை வீழ்த்தியது. யானைக்கால் இவற்றில் எதையும் செய்யவில்லை. காஞ்சிபுரத்து நெசவாளி தடித்த காலோடும் நெய்தான். புடவை குறைவின்றிச் சந்தைக்கு வந்தது. அசையாமல் ஓரிடத்தில் இருப்பவனுடைய நோய்க்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஜப்பான் கைக்கு ஜாவா போனதும் குவினைன் வரத்து அற்றது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னைவாசிகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரெயிலேறி உள்நாட்டுக்கு ஓடினார்கள். அரசாங்கக் கச்சேரிகளே இடம் பெயர்ந்தன. தறிக்காரருக்கு நேர்ந்த சங்கடம் வேறு வகையானது. ஜப்பான் பட்டு அடியோடு நின்றது. மைசூரிலும் கொள்ளேகாலத்திலும் நூற்ற பட்டோ ஆகாய விமானத்திலிருந்து குதிப்பவர்களின் பாராசூட்டுக்கு வேண்டுமென்று யுத்தத் தேவைக்கு இழுக்கப்பட்டது. முகூர்த்தப் புடவையில் ஏறவேண்டிய இழை வானத்தில் குடையாய் விரிந்து சிப்பாயை இறக்கிய அதே சமயத்தில், சமுத்திரத்துக்கு அப்பால் வேறு சிப்பாய்களை, எங்கள் ஊர்க் காலைப் பிடித்த புழு பிடித்துக்கொண்டிருந்தது.

சமோவா, டோங்கா, போரா போரா முதலிய பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைகள் 1942-இல் இறங்கின. சில மாதங்களில் வீரர்களுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியது, கையிலும் காலிலும் சிவந்த கோடு ஓடிக் காய்ச்சல் கண்டது, விரை வீங்கியது. தீவுவாசிகள் அந்நோயை ‘மூமூ’ என்று அழைத்தனர். பருத்த கால்களோடும், மடியில் வைத்துச் சுமக்கும்படி வீங்கிய அண்டத்தோடும் நடமாடிய தீவு ஜனங்களைக் கண்ணெதிரில் பார்த்த இளைஞர்கள், தங்கள் எதிர்காலம் இதுதான் என்று எண்ணிக் கலங்கினர்; ஆண்மை போய்விடும் என்ற வதந்தி பாசறை பாசறையாகப் பரவியது. கப்பற்படையிலும் அதைச் சேர்ந்த தரைப்படையிலும் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவர் நோயுற்றதாகக் கணக்கிட்டு, பலரைப் போர்முனையிலிருந்து விலக்கிச் சொந்த நாட்டுக்கே திருப்பியனுப்பினார்கள். லட்சக்கணக்கான நெசவாளரும் உழவரும் மீனவரும் நூற்றாண்டுக்கணக்கில் சுமந்த நோய், பதினாயிரம் சிப்பாய்களைத் தொட்டவுடன் அவசர ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

அந்த ஆராய்ச்சியின் தலைமையில் இருந்தவர் சென்னையில் படித்தவர் என்பது தற்செயலே என்றாலும், இனிமையான தற்செயல். 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் மூன்றாம் முறையில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, காந்தியடிகளின் அறைகூவலைக் கேட்டுக் கதர் அங்கி தரித்து அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போனமையால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். அரசாங்க வைத்திய சேவையில் இடம் கிட்டாமல் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதித்துவிட்டு, 1923-இல் மாமனாரும் ஒரு தர்ம ஸ்தாபனமும் உதவப் பாஸ்டன் நகரம் சேர்ந்தார், திரும்பி வரவேயில்லை. ஹார்வர்டில் பல ஆண்டு உழைத்தபின் 1940-இல் நியூயார்க்குக்கு அருகே பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்று அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய குழுவில் ஹீவிட் முதலியோர், பருத்தி எலி என்னும் ஒருவகை எலியின் உடம்பில் வாழும் ஃபைலேரியா இனப் புழுவின்மேல் ரஸாயனப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சித்து, பைப்பரஸின் வகையைச் சார்ந்த ஒன்று ரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை ஒழிக்கிறதென்று கண்டு, போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1947-இல் வெளியிட்டனர். ஹெட்ரஸான் என்று விற்பனைக்கு வந்து, டி.இ.சி. என்று இன்று ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் வழங்கும் மாத்திரை அதுவே. அடுத்த வருஷம் ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார்.

மருந்து வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. அதைவிட விநோதம், நோயுற்ற அந்தச் சிப்பாய்களுக்கு அம்மருந்து வேண்டியிருக்கவும் இல்லை. கொசுக்கடி இல்லாத ஊருக்குத் திரும்பியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வீக்கம் தானாக வடிந்தது. ரத்தத்தில் புழுக்குஞ்சு தென்பட்டவர்கள் மிகச் சிலரே. யானைக்கால் என்னும் நிலைக்கு வந்தவர் இல்லையென்றே சொல்லலாம். அந்நிலைக்குப் பல ஆண்டு இடைவிடாத கடி வேண்டும். அது பட்டாளத்தாருக்குக் கிட்டாத, ஊரில் குடியிருப்பவருக்கு மட்டுமே கிட்டும் பாக்கியம். யாருக்காகத் தேடினார்களோ அவருக்குத் தேவைப்படாமல், தேடும்போது யாரை நினைக்கவில்லையோ அவரிடம் வந்து சேர்ந்தது மருந்து.

நம் நாட்டில் யுத்தத்தின் நடுவிலேயே, 1943-இல், சர் ஜோசப் போர் தலைமையில் சுகாதாரக் கமிட்டி ஒன்று அமைந்தது. நம் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர். 1946-இல் வெளிவந்த அதன் அறிக்கை யானைக்காலையும் தேசிய கவனத்துக்குரிய நோய்களின் வரிசையில் வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் இரண்டு ஆயுதங்களுமே யுத்தத்தின் பிள்ளைகள்: ஒன்று இந்த மாத்திரை, மற்றொன்று யுத்தகாலத்தில் நேப்பிள்ஸ் நகர ஜனங்களிடையே பரவிய பேன்சுரத்தை அடக்கிப் புகழ்பெற்ற டி.டி.டி.யும் அதன் இனப் பூச்சிமருந்துகளும். இரண்டாவது ஆயுதம் விரைவில் மழுங்கியது. சாக்கடைக் கொசு அம்மருந்துகளைச் சட்டை செய்யவில்லை. முதலாவதை ஜனங்கள் மறுத்தார்கள். ஐந்தாறு ஆண்டுக்குள் திட்டத்தைப் பரிசீலித்த குழு, எல்லோருக்கும் மாத்திரை என்பதையும் வீட்டுக்குள் மருந்தடிப்பதையும் கைவிட்டு, சாக்கடைக்கு எண்ணெய் தெளிப்பதிலும், ரத்தத்தில் புழு கண்டவருக்கு மட்டும் சிகிச்சை செய்வதிலும் நிற்கும்படி சொல்லிற்று. புதுச்சேரியில் 1975-இல் ஏற்பட்ட கொசு ஆராய்ச்சி நிலையம் கழிநீரைச் சீர்திருத்தியே கொசுவைக் குறைக்கலாம் என்று அந்நகரில் செய்துகாட்டியது. மருந்தை உப்பில் கலந்து கொடுக்கும் பரீட்சைகளும் நடந்தன. எல்லோருக்கும் மாத்திரை என்ற பழைய யோசனையே, வருஷத்துக்கு ஒரு வேளை என்று மாறி, 1996-ஐ ஒட்டிச் சோதனையாகவும் 2004-இலிருந்து தேசமெங்கும் திட்டமாகவும் திரும்பி வந்தது. முன்பு ஜனங்கள் ஏன் மறுத்தார்கள் என்பதைக் கமிட்டிகள் ஒரு வரியில் முடித்துவிட்டன. எனக்கு அது ஒரு வாரத்துச் சங்கதியாக நினைவிருக்கிறது.

புழு கண்டவருக்கு மட்டும் சிகிச்சை என்று திட்டம் மாறியபின் ஒரு கோடைகால இரவு, பத்து மணிக்கு மேல், எங்கள் தெருவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்தது. காக்கிச் சட்டைக்காரர் இருவர், தோளில் விளக்குத் தூக்கிய ஆள் ஒருவன், கையில் மரப்பெட்டி. ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, தூங்கியவர்களை எழுப்பி, விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்தி, எழும்பிய ரத்தத்தை மூன்று சொட்டாகக் கண்ணாடித் தகட்டில் தொட்டுக்கொண்டு, தகட்டின் ஓரத்தில் நம்பர் எழுதினார்கள். “பகல்ல வந்தா என்ன?” என்று என் பாட்டி கேட்டதற்கு, “பகல்ல அது தூங்குதும்மா” என்று அவர்களில் ஒருவர் பதில் சொன்னார். மான்சனுடைய கண்டுபிடிப்பை அவ்வளவு சுருக்கமாக நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் மற்ற எல்லோருக்கும் முன்னால் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இருட்டு என்பதாலோ, தம் காலுக்கு மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கையாலோ, அன்று வேட்டியை இழுத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகன், ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பொறாமைப்படும் உடம்புக்காரர், அலுத்துக்கொண்டே எழுந்து வந்து விரலை நீட்டினார்.

நாலைந்து நாள் கழித்துப் பகலில் வந்தார்கள். பெரியவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மகனுடைய ரத்தத்தில்தான் புழு இருந்தது. இது வைத்திய சாஸ்திரத்துக்குப் புதிதல்ல. கால் தடித்தவருடைய உடம்பில் புழு வேலையை முடித்துக்கொண்டு பெரும்பாலும் போய்விட்டிருக்கும், வெளிக்கு ஒன்றும் தெரியாதவருடைய ரத்தத்தில்தான் அது உலவிக்கொண்டிருக்கும். ஆனால் பெரியவருக்கு இதைப் புரியவைக்க அந்தக் காக்கிச் சட்டைக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“எனக்கு மாத்திரை இல்லையா?”

“உங்களுக்கு வேண்டாம் பெரியவரே. தெனம் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமத் துடைச்சு, ராத்திரி படுக்கும்போது ஒசத்தி வச்சுக்கோங்க. வெடிப்புல புண் வராமப் பாத்துக்கோங்க.”

“அப்ப இந்த மாத்திரை எதுக்கு?”

“அவருக்கு. பன்னெண்டு நாள்.”

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

முதல் நாள் இரவே மகனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. புழுக்குஞ்சுகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு அப்படித்தான் கொதிக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொல்லியிருந்தும் மருமகள் அழுதாள். தலைசுற்றலும் வாந்தியுமாக அவர் இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. நன்றாக இருந்தவனைப் படுக்கவைத்த மருந்து என்று தெரு முழுவதும் பேச்சாயிற்று. மூன்று வீடுகளில் பொட்டலத்தைச் சாக்கடையில் எறிந்தார்கள் என்று கேள்வி. தவணைக்கு ஒப்புக்கொண்ட முகூர்த்தப் புடவை பாதியில் மகனுடைய தறியில் நின்றது. கோர்வை போடும் பையனும் கூலியில்லாமல் வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த வீட்டிலிருந்து தறியோசை கேட்டது. மகன் எழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு கவனித்தேன். சத்தம் மகனுடைய தறியிலிருந்துதான் வந்தது. ஆனால் ஒரு மிதிக்கு விரைவாகவும், மறு மிதிக்குச் சற்றே தாமதித்தும்.